ஐந்தாவது நிமிடமும் முப்பதாவது நிமிடமும்: குழந்தைகளுக்கு வரும் நீண்ட வலிப்பு

குழந்தைக்கு வலிப்பு வந்த வீட்டில் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "பயப்படாதீங்க, தானா நின்னுடும்" என்பது ஒன்று. "நிக்காம போயிட்டே இருந்தா ஆபத்து, உடனே மருந்து கொடுக்கணும்" என்பது இன்னொன்று. இரண்டையும் மருத்துவர்களே சொல்லியிருப்பார்கள். இதில் எதை நம்புவது என்று பெற்றோர் திகைத்து நிற்பதில் நியாயம் இருக்கிறது.

இரண்டுமே சரிதான். முதல் பேச்சு முதல் சில நிமிடங்களுக்குப் பொருந்தும். இரண்டாவது, ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு பொருந்தும். அந்தக் கோடு ஏன் ஐந்தில் விழுகிறது, அதைத் தாண்டினால் உள்ளே என்ன மாறுகிறது, வீட்டில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## 1. வலிப்பு ஏன் வருகிறது, எப்படி நிற்கிறது

மூளையின் நரம்பணுக்கள் மின் சமிக்ஞைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஓர் அணுவைத் தூண்டிவிடும் வேதிப்பொருட்கள் உண்டு; அவற்றில் முக்கியமானது குளூட்டமேட். அடக்கிவைக்கும் வேதிப்பொருட்களும் உண்டு. அவற்றில் முக்கியமானது காபா. வண்டிக்கு ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் மாதிரி. இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலை திடீரென்று குலைந்து, ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கொட்டினால் அதுதான் வலிப்பு. ஃபிட்ஸ், இழுப்பு, ஜன்னி என்று பேச்சில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைத்தான்.

வலிப்பு வந்தவுடனே மூளை தன் பிரேக்கைப் போடத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாக ஓய்ந்துவிடுகின்றன. வெளியிலிருந்து யார் என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும் ஓய்ந்திருக்கும். கையில் எதையோ திணித்ததும் வலிப்பு நின்றதாகப் பலரும் நம்புவதற்குக் காரணம் இதுதான். நிற்க வேண்டிய நேரத்தில் அது நின்றது, அவ்வளவே.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு. காய்ச்சல், சர்க்கரைக் குறைவு, தலையில் அடி என்று உடனடிக் காரணம் ஒன்றினால் வரும் வலிப்பு, வலிப்பு நோய் ஆகாது. அப்படி எந்தத் தூண்டுதலும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால், அல்லது ஒரே முறை வந்தாலும் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்று பரிசோதனைகள் காட்டினால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். நீண்ட வலிப்பு, இந்த நோய் உள்ள குழந்தைக்கும் வரலாம், இல்லாத குழந்தைக்கும் வரலாம்.

## 2. ஏன் ஐந்து நிமிடம்?

நிற்காமல் நீளும் வலிப்புக்கு மருத்துவத்தில் ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ் என்று பெயர். தமிழில் தொடர் வலிப்பு நிலை எனலாம். ஒருகாலத்தில் 30 நிமிடம் நீடித்தால்தான் அந்தப் பெயர். விலங்குகளில் நடந்த சோதனைகளில் நெடுநேர வலிப்பு மூளை அணுக்களை அழிப்பது தெரியவந்தது. அந்தச் சேதத்தை வைத்து வகுத்த எல்லை அது. சேதத்தை அளக்க அது சரியான கோடாக இருந்தது, சிகிச்சை தொடங்கும் நேரமாக வைத்துக்கொண்டால் பேராபத்து. வீடு பற்றி எரிந்து முடியும் நேரத்தைக் கணக்கிட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றாமல் இருப்பது போல.

1999 வாக்கில் மருத்துவர்கள் ஐந்து நிமிடத்தை நடைமுறை எல்லையாக முன்வைத்தார்கள். 2015-ல் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் இரண்டு எல்லைகளையும் பிரித்து வரையறுத்தது. முதல் எல்லை: "இதற்கு மேல் தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு, மருந்து கொடு." இரண்டாவது எல்லை: "இதற்கு மேல் போனால் நிரந்தரப் பாதிப்பு வரலாம்." வலிப்பின் வகைக்கேற்ப இவை மாறும்.

1. உடல் முழுதும் விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுக்கும் வலிப்பு: மருந்துக்கான எல்லை 5 நிமிடம், பாதிப்புக்கான எல்லை 30 நிமிடம்.
2. உடலின் ஒரு பகுதியில் தொடங்கி, நினைவு மங்கும் வலிப்பு: மருந்துக்கு 10 நிமிடம், பாதிப்புக்கு 60 நிமிடத்துக்கு மேல்.
3. வெறித்துப் பார்த்தபடி நினைவு தப்பும் வலிப்பு: 10 முதல் 15 நிமிடம். பாதிப்புக்கான எல்லைக்கு இங்கே உறுதியான எண் வகுக்கப்படவில்லை.

முதல் வகைதான் மிக ஆபத்தானது. வீட்டில் வகை பிரித்துப் பார்க்க நேரமும் இருக்காது. எனவே எல்லாவற்றுக்கும் ஐந்து நிமிடம் என்று மனதில் வைத்துக்கொள்வது தவறாகாது.

ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஏன் தானாக நிற்பதில்லை? இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. காபா வேலை செய்ய, அணுவின் மேற்பரப்பில் அதற்கென்று ஏற்பிகள் உண்டு. காபா சாவி என்றால் ஏற்பி பூட்டு. வலிப்பு நீள நீள, அணுக்கள் இந்த ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதே நேரத்தில் குளூட்டமேட்டுக்கான என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் மேற்பரப்புக்கு வருகின்றன. அதாவது பிரேக் தேய்கிறது, ஆக்ஸிலரேட்டர் அழுந்துகிறது.

இதற்கு ஒரு கொடுமையான பின்விளைவு உண்டு. வலிப்பை நிறுத்த முதலில் கொடுக்கும் டயஸிபாம், மிடசோலம், லோரஸிபாம் மூன்றும் பென்சோடயஸிபைன் குடும்பம். இவை வேலை செய்வதும் அதே காபா ஏற்பிகளின் வழியாகத்தான். பூட்டையே உள்ளே எடுத்து வைத்துவிட்ட கதவின் முன்னால் சாவியோடு நின்று என்ன பயன்? ஆறாவது நிமிடத்தில் கேட்கும் மருந்து, நாற்பதாவது நிமிடத்தில் அதே அளவில் கேட்காமல் போவது இதனால்தான். தாமதம் என்பது வலிப்பு நீண்ட அத்தனை நிமிடங்களோடு முடிவதில்லை, கையில் இருக்கும் மருந்தின் வலிமையையும் அது சேர்த்துத் தின்றுவிடுகிறது.

உடலுக்குள்ளும் இதேபோல் இரண்டு கட்டங்கள். தொடக்கத்தில் ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, சர்க்கரை எல்லாம் ஏறி, மூளைக்கு வேண்டிய ரத்தத்தை உடல் எப்படியோ அனுப்பிச் சமாளிக்கிறது. ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குப் பிறகு இந்தச் சமாளிப்பு தளர்கிறது. அழுத்தம் இறங்கும், ஆக்ஸிஜன் குறையும், உடல் சூடேறும், சர்க்கரை சரியும். மூளை அதிகம் கேட்கும் நேரத்தில் உடலால் கொடுக்க முடியாமல் போகிறது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் மூளை பாதித்துவிடும் என்று நினைப்பதும் தவறு. ஐந்துக்கும் முப்பதுக்கும் நடுவில் 25 நிமிடங்கள் இருக்கின்றன. அந்த 25 நிமிடங்களை எதில் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

## 3. ஓடுகிறதா, ஓய்ந்துவிட்டதா?

நேரத்தைக் கணக்கிட வேண்டுமானால், வலிப்பு எப்போது நின்றது என்று தெரிய வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், நேரில் அப்படி இல்லை. வெட்டி இழுத்த கைகால்கள் அடங்கியதும் "நின்னுடுச்சு" என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். சில குழந்தைகளில் அது நின்றிருக்காது, வெளியே தெரியும் அளவுதான் சுருங்கியிருக்கும்.

அதனால் அசைவு அடங்கிய பிறகு குழந்தையின் முகத்துக்கு அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

வலிப்பு இன்னும் ஓடுகிறது என்பதற்கான அடையாளங்கள்: கண் திறந்தபடி ஒரு பக்கமாகச் செருகி நிற்கும். இமை விட்டுவிட்டுத் துடிக்கும். வாயின் ஓரம் ஒன்று மட்டும் மெல்ல இழுபடும். பெருவிரலோ ஆள்காட்டி விரலோ ஒரே தாளத்தில் துள்ளிக்கொண்டிருக்கும். தாடை கிட்டியபடி இறுகியிருக்கும். மூச்சு ஒழுங்கில்லாமல், உறுமலோடு வரும்.

ஓய்ந்துவிட்டது என்பதற்கான அடையாளங்கள்: கண் மூடிக்கொள்ளும். உடல் தளர்ந்து துவளும். ஆழமான, சீரான மூச்சு வரும். கன்னத்தைத் தட்டினாலோ தோளைக் கிள்ளினாலோ முகம் சுளிக்கும், கையை இழுத்துக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்ல விழிப்பு வரும். இந்த அயர்ந்த தூக்கம் அரை மணி, ஒரு மணி நேரம்கூட நீளலாம். ஆனால் போகப் போகத் தெளிவு கூடிக்கொண்டே வர வேண்டும். அப்படி வராவிட்டால் மூளைக்குள் வலிப்பு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். மூளையின் மின் சமிக்ஞைகளைப் பதிவு செய்யும் இ.ஈ.ஜி. எடுத்தால்தான் அது தெரியும்.

வலிப்பு போலவே தோன்றும், வலிப்பு அல்லாதவையும் உண்டு. காய்ச்சல் ஏறும்போது உடல் உதறும். அப்போது குழந்தை நம்மைப் பார்க்கும், அழும், கூப்பிட்டால் திரும்பும். உதறும் கையை மெதுவாகப் பிடித்தால் உதறல் அடங்கும். வலிப்பின் துடிப்பு பிடித்தாலும் அடங்காது, உள்ளங்கையில் தொடர்ந்து உணர முடியும். அழுது அழுது மூச்சடைத்து நீலம் பூக்கும் சிறு பிள்ளைகளும் உண்டு. அதற்கு முன்னால் கட்டாயம் ஓர் அழுகையோ வலியோ இருக்கும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளியும்.

எல்லோரும் ஏமாறும் வகை ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று முதல் ஆறு வயதுக்குள் அதிகம் காணப்படும் பனாயோடோபௌலோஸ் வகை வலிப்பு. நடுராத்திரி குழந்தை எழுந்து உட்காரும், முகம் வெளிறும், குமட்டும், வாந்தி எடுக்கும். வயிற்றுக்கோளாறு என்றுதான் நினைப்போம். கொஞ்ச நேரத்தில் பதில் சொல்லாமல் துவளும், கண் ஒரு பக்கம் திரும்பும். கைகால் இழுப்பே இல்லாமல் அரை மணி நேரம்கூட நீளக்கூடிய வலிப்பு இது. வளர வளர மறைந்துபோகும் நல்ல வகைதான். ஆனால் வாந்தியோடு கண்ணும் திரும்பி நினைவும் மங்கினால், அதை அஜீரணம் என்று தள்ளிவிடக் கூடாது.

பிறந்த சில வாரங்களே ஆன சிசுவுக்கு வலிப்பு வேறு வேடத்தில் வரும். உதடு சப்புவது, சைக்கிள் மிதிப்பது போலக் கால் சுற்றுவது, கண் ஒரே இடத்தில் நிலைப்பது, மூச்சு சிறிது நேரம் நின்றுபோவது. இந்த வயதில் வீட்டு வைத்தியம் எதற்கும் இடமில்லை, நேராக மருத்துவமனைதான்.

## 4. காய்ச்சல் வலிப்பு: எது எளியது, எது இல்லை

குழந்தைகளின் நீண்ட வலிப்புக்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று காய்ச்சல். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. அதில் பெரும்பகுதி எளிய வகை: உடல் முழுதும் ஒரே சீராக வரும், 15 நிமிடத்துக்குள் நிற்கும், 24 மணி நேரத்தில் மீண்டும் வராது. இது மூளையைப் பாதிப்பதில்லை, படிப்பைக் கெடுப்பதில்லை. மூன்றில் ஒரு குழந்தைக்கு இன்னொரு காய்ச்சலில் திரும்ப வரலாம். பின்னாளில் வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிடச் சற்றே கூடுதல்.

15 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, ஒரே நாளில் திரும்ப வந்தாலோ அது சிக்கலான வகை. இதிலும் எல்லோருக்கும் கெடுதல் நேர்வதில்லை. 30 நிமிடத்துக்கு மேல் போனால் கதை வேறு. ஃபெப்ஸ்டாட் என்ற அமெரிக்க ஆய்வு, அவ்வளவு நீண்ட காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளை மூன்று நாட்களுக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் 11.5% குழந்தைகளுக்கு மாற்றம் தெரிந்தது. பெரும்பாலோருக்கு இல்லை என்பது ஆறுதல். சிலருக்கு உண்டு என்பதால்தான் ஐந்தாவது நிமிடத்தில் மருந்து வேண்டும் என்கிறோம்.

காய்ச்சலைக் குறைத்தால் வலிப்பு வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாராசிட்டமால் குழந்தையின் அசதியைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்கும் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், "மருந்து கொடுக்க மறந்துட்டேன், அதனாலதான் வந்துச்சு" என்று வருஷக்கணக்கில் தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் தவறில்லை. வலிப்பு ஓடும்போது குழந்தையைத் தண்ணீரில் இறக்குவது மட்டும் கூடவே கூடாது. மூக்கில் தண்ணீர் ஏறிவிடும். வாயில் மாத்திரையும் மருந்தும் ஊற்றுவதும் அப்படித்தான், மூச்சுக்குழாய்க்குள் போகும்.

## 5. நிமிடத்துக்கு நிமிடம் என்ன செய்வது

நள்ளிரவு 2.10 என்று வைத்துக்கொள்வோம். படுக்கை அதிர்வதில் விழித்துப் பார்த்தால் இரண்டு வயதுக் குழந்தை விறைத்திருக்கிறது. அடுத்தடுத்துச் செய்ய வேண்டியவை:

1. 2.10: மணியைப் பார்க்கவும். முதல் வேலை இதுதான். பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். சில வீடுகளில் பத்து நிமிடமும் ஒரு நிமிடமாகப் போய்விடும். விழித்தபோதே வலிப்பு ஓடிக்கொண்டிருந்தால், எப்போது தொடங்கியது என்று தெரியாது. அப்போது உண்மையான நேரம் கடிகாரம் காட்டுவதைவிட அதிகம் என்றே கொள்ள வேண்டும்.

2. தரையில் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும், நாக்கு மூச்சை அடைக்காது. தலைக்கு அடியில் மடித்த துணி. கழுத்துப் பட்டனைத் தளர்த்தவும். பக்கத்தில் இருக்கும் கூர்மையான பொருட்களை நகர்த்தவும்.

3. வாயில் எதையும் வைக்க வேண்டாம். கரண்டி, துணி, விரல் எதுவும் வேண்டாம். நாக்கை விழுங்குவது என்று ஒன்று கிடையாது. நாக்கு கடிபட்டால் ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் அதுவே உயிருக்கு உலை வைக்கும். கைகாலை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம்.

4. இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கட்டும். முதல் சில விநாடிகள் போதும். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது என்பது மருத்துவருக்கு ஸ்கேன் படத்துக்கு நிகரான தகவல்.

5. 2.15: இன்னும் நிற்கவில்லை. மருந்து வீட்டில் இருந்தால் கொடுக்கவும், ஆம்புலன்ஸை அழைக்கவும். மருந்து இல்லாவிட்டால் உடனே அழைப்புதான்.

ஐந்து நிமிடம் காத்திருக்காமல் முதல் விநாடியிலேயே உதவி கேட்க வேண்டிய தருணங்களும் உண்டு. இதுவரை வலிப்பே வராத குழந்தை. ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தை. தலையில் அடிபட்ட பிறகு வந்தது. தண்ணீருக்குள் இருக்கும்போது வந்தது. சர்க்கரை நோய் உள்ள குழந்தை. மூச்சுத் திணறி உதடு நீலமாகிக்கொண்டே போவது. ஒன்று நின்று, நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வருவது. கழுத்து இறுகியிருப்பது, தோலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். வலிப்பு நின்ற பிறகும் குழந்தை மூச்சு விடவில்லை என்றால் செயற்கைச் சுவாசமும் மார்பை அழுத்தும் முதலுதவியும் தொடங்க வேண்டும்.

## 6. வீட்டு மருந்து: பயம் எங்கே, தவறு எங்கே

வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கும், ஒருமுறை நீண்ட வலிப்பு வந்தவர்களுக்கும் மருத்துவர்கள் அவசர மருந்து எழுதித் தருகிறார்கள். மூன்று வழிகளில் அது போகும்: மூக்கில் தெளிக்கும் மிடசோலம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விடும் மிடசோலம், ஆசனவாய் வழியே செலுத்தும் டயஸிபாம். மூன்றுமே ஊசி இல்லாமல், யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளக்கூடியவை. லான்செட் இதழில் 2005-ல் வந்த ஓர் ஆய்வில், வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளில் கன்னத்தில் விட்ட மிடசோலம் 56% தடவை பலன் தந்தது. ஆசனவாய் டயஸிபாம் 27% தடவை. பள்ளியிலோ பயணத்திலோ கொடுப்பதற்கும் முதலாவதே எளிது.

கன்னத்தில் விடுவது இப்படி: குழந்தை ஒருக்களித்தபடியே இருக்கட்டும். கீழ்ப்பக்கக் கன்னத்தை விரலால் மெல்ல விலக்கி, ஊசியில்லாத சிரிஞ்சின் முனையை ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையிலான பள்ளத்தில் வைத்து, மெதுவாக அழுத்த வேண்டும். பல் கிட்டியிருந்தாலும் பரவாயில்லை, பல்லைத் திறக்கவே தேவையில்லை. தொண்டைக்குள் பீய்ச்சுவதும் கூடாது.

மருந்து கையில் இருந்தும் கொடுக்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கிறது. காரணம் ஒரே பயம்: மூச்சு நின்றுவிடுமோ? இந்த மருந்துகள் மூச்சை மட்டுப்படுத்தக்கூடியவை என்பது உண்மை. ஆனால் நிறுத்தாமல் விட்ட வலிப்பு அதைவிட அதிகமாக மூச்சைக் கெடுக்கிறது. ஆம்புலன்ஸில் வந்த பெரியவர்களிடம் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில் இது பளிச்சென்று தெரிந்தது. மருந்து பெற்றவர்களில் சுமார் 10% பேருக்கு மூச்சு, ரத்த ஓட்டச் சிக்கல்கள் வந்தன. மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 22.5% பேருக்கு வந்தன. சரியான அளவில், சொன்ன தடவைக்கு மேல் போகாமல் கொடுத்தால், கொடுப்பதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது தவறு அளவில் நடக்கிறது. "முதல்ல பாதி கொடுத்துப் பார்ப்போம்" என்று கொடுப்பது. பாதி மருந்து வலிப்பை நிறுத்தாது. நிற்கவில்லை என்று தெரிய ஐந்து நிமிடம் போய்விடும். இன்னொன்று, எடை கூடியதைக் கவனிக்காமல் விடுவது. மூக்கில் தெளிக்கும் மிடசோலம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற கணக்கில் எழுதப்படுகிறது. குழந்தை 10 கிலோ இருந்தபோது எழுதியது 2 மில்லிகிராம். இப்போது 15 கிலோ, வேண்டியது 3. பழைய சீட்டை வைத்துக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வீட்டில் வந்துவிடுவார்கள். வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் எடையைச் சொல்லி அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2018-ல் வெளிவந்த ஆய்வில், பல மருந்துகளுக்கும் அடங்காத வலிப்பு வந்த 218 குழந்தைகளைப் பார்த்தார்கள். முதல் மருந்து பத்து நிமிடத்துக்குள் கிடைத்தவர்களைவிட, அதற்குப் பின் கிடைத்தவர்களில் வலிப்பு அதிக நேரம் நீண்டது, ரத்த அழுத்தம் அதிகம் பேருக்குச் சரிந்தது, இறப்பும் கூடுதலாக இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு அந்தப் பத்து நிமிடம் தவறிப்போயிருந்தது. என்னைக் கேட்டால், இந்த விஷயம் முழுவதிலும் மிக வேதனையான எண் இதுதான். புது மருந்து கண்டுபிடிக்கக் காத்திருக்க வேண்டிய பிரச்சினை இல்லை இது.

## 7. மருத்துவமனையில் நடப்பது

அங்கே போனதும் ஏன் இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள், ஏன் மருந்தை மாற்றிக்கொண்டே போகிறார்கள் என்று புரியாமல் வெளியே நிற்பது பெரிய கொடுமை. அவர்களும் ஒரு கடிகாரத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள்.

முதல் ஐந்து நிமிடங்களில் மூச்சுப்பாதை, ஆக்ஸிஜன், நரம்பில் ஊசி, விரலில் குத்திச் சர்க்கரை. சர்க்கரை குறைவினால் வந்த வலிப்பு என்றால் குளூக்கோஸ்தான் மருந்து, மற்றதெல்லாம் வீண். 5 முதல் 20 நிமிடத்துக்குள் பென்சோடயஸிபைன். வீட்டிலும் ஆம்புலன்ஸிலும் கொடுத்ததையும் சேர்த்து மொத்தம் இரண்டு தடவை. அதற்கு மேல் கொடுத்தால் பலன் குறைவு, மூச்சுக்கு ஆபத்து. எனவே வீட்டில் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

20 நிமிடத்திலும் நிற்காவிட்டால் இரண்டாம் கட்டம்: லெவெடிராசிடாம், ஃபாஸ்ஃபெனிடாய்ன், வால்ப்ரோயேட் மூன்றில் ஒன்று. எது சிறந்தது என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 2019-ல் வெளியான ஈசெட் ஆய்வு மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. மூன்றும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலிப்பை நிறுத்தின, குழந்தைகளிலும் அப்படியே. அதனால் "அந்த மருந்து கொடுத்திருந்தால் நின்றிருக்குமோ" என்று பிறகு வருந்த வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் வயதிலேயே காய்ச்சலோடு நீண்ட வலிப்பு, அதுவும் ஒருமுறை வலப்பக்கம், இன்னொருமுறை இடப்பக்கம் என்று மாறி மாறி வரும் குழந்தைகளுக்கு ட்ராவே சிண்ட்ரோம் என்ற அரிய வலிப்பு நோய் இருக்கலாம். எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் வரும் மாற்றம் இதற்குப் பெரும்பாலும் காரணம். ஃபெனிடாய்ன் (மேலே சொன்ன ஃபாஸ்ஃபெனிடாய்ன் உடலுக்குள் இதுவாகத்தான் மாறும்), கார்பமாஸிபைன் போன்று, நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வாயிலை அடைக்கும் மருந்துகள் இவர்களுக்கு நோயைக் கூட்டிவிடக்கூடும். இந்தப் பெயரைச் சீட்டில் எழுதித் தந்திருந்தால், அதை எங்கே போனாலும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இரண்டாம் கட்ட மருந்தும் கேட்காவிட்டால், தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடர்ந்து மயக்க மருந்து கொடுத்து, இ.ஈ.ஜி.யை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இதற்கு நடுவிலேயே காரணத்தைத் தேடும் வேலையும் நடக்கும்: சோடியம், கால்சியம், மூளைக்காய்ச்சல், நச்சுப்பொருள், விட்டுப்போன மாத்திரை. விளைவைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு காரணத்துக்குத்தான். வட லண்டனில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், நீண்ட வலிப்பு வந்த குழந்தைகளில் இறந்தவர்கள் சுமார் 3%. நூற்றில் 97 பேர் பிழைத்தார்கள்.

## 8. வலிப்பு நின்ற பிறகு

மறுநாள் காலை ஒரு கையைத் தூக்க முடியாமல் குழந்தை திணறுவதைப் பார்த்து, பக்கவாதம் என்று வீடே கலங்கிப்போகும். டாட் செயலிழப்பு என்று இதற்குப் பெயர். வலிப்பு ஓடிய மூளைப் பகுதி களைத்துப்போனதால் வரும் தற்காலிக பலவீனம். பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள் சரியாகிவிடும். ஆனாலும் வேறு காரணம் இல்லை என்று மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஒரு தாள். அதில் இருக்க வேண்டியவை: குழந்தையின் எடை, அவசர மருந்தின் பெயர், மில்லிகிராமில் அளவு, அதுவே எத்தனை மில்லி அல்லது எத்தனை தெளிப்பு, எத்தனையாவது நிமிடத்தில் கொடுப்பது, இரண்டாவது தடவை உண்டா இல்லையா, ஒத்துக்கொள்ளாத மருந்துகள். மில்லிகிராமும் மில்லியும் சேர்ந்தே இருக்கட்டும். நடுங்கும் கையோடு நள்ளிரவில் கணக்குப் போட யாராலும் முடியாது. தாளின் ஒரு நகல் மருந்தோடு சேர்த்து வீட்டில், ஒன்று பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம், ஒன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியிடம். வெறும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொருவரும் ஒருமுறை தங்கள் கன்னத்திலேயே விட்டுப் பார்க்கலாம். அப்புறம் மருந்து எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவர்களையே எடுத்துக் காட்டச் சொல்லலாம்.